பூசை மணிக்கு ஓடிய நாய்

ஒரு தாயின் சாவுக்கு நான் காரணம்.

ஒரு கைமணி, உடுத்தித் துவைக்காத ஒரு சாரம், அவர்கள் வீட்டு நாய்... இவற்றை வைத்துக்கொண்டு அதைச் செய்தேன். படித்த திமிரில் செய்தேன். பிறகு, வாய் திறந்து ஒரு வசனம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றிருந்த நேரத்தில் சொல்லாமல் நின்றேன்.

இதை வாசித்துவிட்டு, அது யுத்த காலம், யாருக்குத்தான் புத்தி தெளிவாக இருந்தது என்று நீங்கள் எனக்காகப் பேசக்கூடும். தயவு செய்து பேசாதீர்கள். யுத்தத்தின் தலையில் எத்தனையோ பேர் எதையெல்லாமோ கட்டிவிட்டுக் கைகழுவிவிட்டார்கள். நான் செய்தது என் தலையிலேயே இருக்கட்டும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உடப்பு என்ற கடற்கரை ஊரில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். என் சொந்த ஊர் முன்னேஸ்வரம் பக்கம். தினமும் போய்வர முடியாது என்று பாக்கியம் அக்காவின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அக்காவின் புருஷன் கடலில் போய்ச் சேர்ந்து பல வருடம். மூத்தவன் நேசன் கரைவலை இழுத்தான். இளையவள் வசந்தியும் அக்காவும் கடற்கரை வாடியில் கருவாடு போட்டார்கள். அந்த வீட்டு நாயின் பெயர் வீரன். பெயர்தான் வீரன், இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே கிடக்கும்.

அந்த நாய்க்கு நேசன் என்றால் உயிர். அவன் வலை இழுத்துவிட்டு முற்பகலில் வரும்போது, ஆள் தெருமுனையில் தெரிவதற்கு முன்பே வேலிப் படலைக்கு ஓடும். பின்னங்காலில் எழுந்து படலையில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, குரைப்பும் இல்லாத ஊளையும் இல்லாத ஒரு சத்தம் போடும். அழுது ஓய்ந்த பிள்ளை விம்முவதைப் போல இருக்கும். வாயிலிருந்து எச்சில் ஒழுகும். அந்தச் சத்தத்தை அது வேறு யாருக்கும் போட்டதில்லை.

ஒருநாள் நேசன் கடவுச்சீட்டு அலுவலாகக் கொழும்புக்கு பஸ் ஏறினான். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவனை இறக்கினார்களாம். பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் அவனுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான்... அதற்குப் பிறகு அவனைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. அக்கா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை, மனு எழுதாத ஆள் இல்லை. மனுக்களை எழுதிக் கொடுத்தவள் நான்தான். அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன்.

போவதற்கு முந்தின நாள் அவன் இடுப்பில் உடுத்திக் களைந்துபோட்ட சாரத்தை அக்கா துவைக்கவில்லை. ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பையின் வாயைக் கொஞ்சம் திறந்து முகர்ந்துவிட்டு உடனே கட்டிவிடுவார். அதிகம் திறந்தால் மணம் போய்விடுமாம்.

இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன் என்று இப்போதே உங்களுக்கு விளங்கியிருக்கும்...

நான் வார இறுதிகளில் ஆசிரியர் பயிற்சிக் கற்கைநெறி ஒன்றுக்குப் போய்வந்தேன். அதில் உளவியல் ஒரு பாடம். நிபந்தனைப்படுத்தல் பற்றிச் செய்து பார்த்து எழுதித் தரும்படி ஒரு செய்முறை ஒப்படை கேட்டார்கள். உங்களுக்கும் தெரிந்ததுதான்: ஒரு ரஷ்ய விஞ்ஞானி நாய்களுக்கு உணவு கொடுக்கும்போதெல்லாம் ஒரு சத்தத்தையும் கேட்கச் செய்தார், பிறகு உணவே இல்லாமல் அந்தச் சத்தத்துக்கே நாய்கள் எச்சில் வடித்தன. அந்த எச்சிலை அளப்பதற்காக நாய்களின் கன்னத்தை வெட்டிக் குழாய் பொருத்தினார்கள் என்று வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. நான் ஒரு துளி இரத்தம் வராமல் செய்துகாட்டுவேன் என்று நினைத்தேன். எவ்வளவு பெருமை எனக்கு!

வீட்டில் வீரன் இருந்தது. என் சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு சிறிய பித்தளைக் கைமணி இருந்தது. மீனுக்குக் குறைவில்லை. தொடங்கினேன்.

தோற்றேன். மணியை அடித்துவிட்டு மீன் தலையைப் போட்டால் நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கரைவலைக் கரையில் வளர்ந்த நாய்க்கு மீனைக் காட்டி ஆசை மூட்டப் போனேன் பாருங்கள்... கடற்கரைக்குப் போனால் வயிறு முட்டச் சூடை மீனும் காரல் மீனும் கிடக்கும். புத்தகத்தில் எழுதியவர்கள் யாரும் உடப்பு நாயைக் கண்டவர்கள் இல்லை.

அந்த நாய்க்குப் பசி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது.

அக்காவும் வசந்தியும் பிற்பகலில் வாடியில் இருப்பார்கள். நான் பாடசாலை விட்டு வந்து, அலுமாரியைத் திறந்து, பையின் முடிச்சை அவிழ்த்தேன். முதல் நாள் இரண்டு தரம் தெருவை எட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாள் பார்க்கவில்லை. மணியை அடிப்பேன், சாரத்தை நாயின் மூக்கருகில் பிடிப்பேன். நாய் துள்ளி எழுந்து படலைக்கு ஓடும், எழுந்து நிற்கும், விம்மும், எச்சில் வடிக்கும். யாரும் வராததைக் கண்டு திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்கும். நான் குறிப்பேட்டில் எழுதுவேன். மறுபடியும் மணி, மறுபடியும் சாரம்.

கோயில் மணி குறுக்கிட்டுவிடக்கூடாது என்பதற்காகவே நடை சாத்தியிருக்கும் பிற்பகல் வேளையைத் தெரிவு செய்தேன். எங்கள் வேலிக்கு அடுத்த வேலி அம்மன் கோயில். பரிசோதனையில் எதையெல்லாம் கட்டுப்படுத்த வேண்டும் என்று பட்டியலிட்டு, அதில் இதையும் எழுதியிருந்தேன். பிற்பகல் முடிந்த பிறகும் நாய்க்குக் காது இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை!

மூன்றாம் வாரம் சாரம் இல்லாமலே, வெறும் மணிக்கு ஓடியது.

அந்த வாரத்திலேயே ஒரு மாலை. அக்கா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கோயிலில் பூசை தொடங்கி ஐயர் கைமணியை அடித்தார். வீரன் எழுந்தது. படலைக்கு ஓடி, எழுந்து நின்று, அந்தச் சத்தத்தைப் போட்டது. அக்கா கத்தியைப் போட்டுவிட்டு, கையில் செதிலும் இரத்தமுமாக ஓடிப்போய்ப் படலையைத் திறந்தார். தெருவில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். நேசன் போன பிறகு அந்த முகத்தில் நான் காணாத ஒன்று இருந்தது.

"டீச்சர், புள்ள உசிரோட இருக்கு. அம்மன்ட மணிக்கு இது எழும்பி ஓடுது. மனுசருக்குத் தெரியாட்டியும் நாய்க்குத் தெரியும்."

அப்போது நான் என்ன செய்தேன்? அறைக்குள் போனேன். பொதுமையாக்கம் என்று தலைப்பிட்டு எழுதினேன். ஒரு மணிக்குப் பழக்கிய நாய் அதைப் போன்ற இன்னொரு மணிக்கும் அதே விதமாக நடந்துகொள்ளும் என்று புத்தகத்தில் இருந்தது அப்படியே நடந்துவிட்டது. என் கண் முன்னே! நான் சந்தோஷப்பட்டேன். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வெளியே அந்தத் தாய் அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, உள்ளே நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒப்படையின் கடைசிப் பகுதி விஞ்ஞான மதிப்பீடும் ஒழுக்க மதிப்பீடும். ஒரே ஒரு நாயை வைத்துச் செய்ததால் முடிவுகளை எல்லா நாய்களுக்கும் பொருத்த முடியாது என்று அடக்கமாக எழுதினேன். பிராணிக்கு எவ்வித வலியும் ஏற்படவில்லை, அது பட்டினி போடப்படவில்லை, கட்டிவைக்கப்படவில்லை என்றும் எழுதினேன். விரிவுரையாளர் அந்தப் பந்திக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் மனிதாபிமானமான செயற்பாடு என்று குறித்து உயர்ந்த புள்ளி தந்தார். அவர் மேல் பிழை இல்லை. சாரத்தை நான் 'பரிச்சயமான மணமுள்ள துணி' என்றுதான் எழுதியிருந்தேன். யாருடைய மணம் என்று எழுதவில்லை.

நாய்க்கு வலி இல்லையாம்... ஒவ்வொரு மணிக்கும் ஓடிப்போய், ஆள் வராமல், படலையின் கீழே மூக்கை நுழைத்துக்கொண்டு அது கிடந்ததே, அதற்கு என்ன பெயர்? அதை அளப்பதற்கு எனக்குத் தெரிந்த குழாய் எதுவும் இருக்கவில்லை, அதனால் இல்லை என்று எழுதிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா பையைத் திறந்துவிட்டு என் அறை வாசலுக்கு வந்தார். மணம் போய்விட்டது என்றார். அடிக்கடி திறந்தது தன் பிழைதான் என்று தன்னையே நொந்துகொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளைகளின் கொப்பி திருத்தினேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா மறுபடி சாப்பிடத் தொடங்கியிருந்தார். தலை வாரினார். பூசை மணிக்கு நாய் ஓடுவதைப் பார்க்க அயல் பெண்கள் வந்தார்கள். இது நல்லதுதானே, ஒரு தாய்க்கு ஆறுதல்தானே என்று என்னையே ஏமாற்றினேன். உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

சில மாதம் கழித்து வசந்தி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அம்மாவின் மார்பில் கட்டி, கன நாளாக மறைத்திருக்கிறா, சிலாபம் ஆஸ்பத்திரியில் காட்டியபோது கொழும்புக்குப் போய் உடனே வெட்ட வேண்டும் என்றுவிட்டார்கள், இப்போது வெட்டினால் பிழைக்கலாம் என்கிறார்கள், ஆனால் அம்மா வரமாட்டேன் என்கிறா... சொல்லிவிட்டு அழுதாள். நான் அக்காவிடம் போய்க் கதைத்தேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கிற நேரம் அவன் வந்தா? வீடு பூட்டிக் கிடக்கிறதக் கண்டிட்டுத் திரும்பிப் போயிட்டா, பிறகு நான் எங்க டீச்சர் தேடுறது?"

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனுஷி என்ன செய்திருப்பாள்? உட்கார்ந்து, அக்கா, இது அம்மன் செய்ததில்லை, நான் செய்தது என்று சொல்லியிருப்பாள். எனக்கோ இன்னொரு பரிசோதனை தோன்றியது. பழக்கியதைப் பழக்கம் விடுவிக்கலாமே! மணியை அடித்து, சாரத்தைக் காட்டாமல், திரும்பத் திரும்ப அப்படியே செய்தால் துலங்கல், அதாவது அந்த ஓட்டமும் விம்மலும், தேய்ந்து அற்றுப்போகும். புத்தகத்தில் இருந்தது. யாரும் அறியாமல் முடித்துவிடலாம். என் மானமும் போகாது.

பிற்பகல்களில் மறுபடி மணியை எடுத்தேன். அடித்தேன், அடித்தேன், கை வலிக்க அடித்தேன். முதலில் நாய் ஒவ்வொரு முறையும் ஓடியது. பிறகு பாதி வழி போய் நின்றது. பிறகு தலையை மட்டும் தூக்கியது. இரண்டு வாரத்தில் காதைக்கூட அசைக்கவில்லை. மாலைப் பூசை மணிக்கும் அப்படியே கிடந்தது.

அக்கா அதைக் கவனித்தார். ஒரு மாலை, இரண்டு மாலை... நாயின் பக்கத்தில் குந்தியிருந்து அதன் தலையைத் தடவி, மணி அடிக்கும்போது படலையைக் கை காட்டினார். அது எழும்பவில்லை. மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் படுத்தார். நான்காம் நாள் வசந்தியிடம், சரி, வான் வண்டிக்குச் சொல்லு, போவோம் என்றார்.

அவருடைய மகனை இரண்டாம் முறை சாகடித்தவள் நான். அன்று அதை வெற்றி என்று நினைத்தேன்.

போகிற நாள் காலை. வான் படலைக்கு வெளியே நின்றது. உடுப்புப் பை, தண்ணீர்ப் போத்தல், பாணும் சம்பலும் கட்டிய பொதி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டார். வசந்தி ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். நான் வழியனுப்பப் படலையருகில் நின்றேன்.

கோயிலில் காலைப் பூசை மணி அடித்தது.

முற்றத்தில் கிடந்த வீரன் தலையைத் தூக்கியது. எழுந்தது. என்னைத் தாண்டி ஓடி வந்து, படலையில் முன்னங்கால்களை வைத்து, விம்மியது.

உங்களுக்குத் தெரியுமா, அதற்கும் புத்தகத்தில் பெயர் இருந்தது. தன்னியல்பான மீட்சி. அற்றுப்போன துலங்கல் சில நாள் ஓய்வுக்குப் பிறகு, ஒரு காரணமும் இல்லாமல், தானாக ஒருமுறை திரும்பி வரும். பலவீனமாக வரும், விரைவில் போய்விடும். அந்தப் பாடத்தைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியவள் நான். அந்தத் தெருவில், ஏன், அந்த ஊரிலேயே, அந்த நாய் ஏன் ஓடியது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

அக்கா வானிலிருந்து இறங்கினார். அழவில்லை, சிரித்தார்.

"பாத்தீங்களா டீச்சர்? நான் போறன் எண்டதும் சொல்லுது, போகாத எண்டு."

வசந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதும் என் மேல் இருக்கிறது. எதையாவது சொல்லுங்கள், நீங்கள் படித்தவர், நீங்கள் சொன்னால் கேட்பா என்ற பார்வை. வான்காரரும் பார்த்தார். வேலிக்கு மேலால் இரண்டு மூன்று தலைகள் பார்த்தன. சொன்னால் சாரத்தைச் சொல்ல வேண்டும். அலுமாரியைச் சொல்ல வேண்டும். போன மணத்தைச் சொல்ல வேண்டும். ஊர் என்னைக் காறித் துப்பும். பாடசாலையில் முகம் காட்ட முடியாது. இவ்வளவும் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. அக்காவின் கட்டி மட்டும் ஓடவில்லை!

"ஓம் அக்கா," என்று தலையாட்டினேன்.

அந்த இரண்டு சொல்லைத்தான் நான் கொலை என்கிறேன்.

அடுத்த மாதம் போவோம் என்றார் அக்கா. பிறகு திருவிழா முடியட்டும் என்றார். நாய் அதற்குப் பிறகு இடைக்கிடை ஓடியது, சில நாள் ஓடாது, சில நாள் ஓடும். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. கடைசியில் வசந்தி அழுது புரண்டு கொண்டுபோனபோது வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசி நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் நான். நல்ல மனசு டீச்சருக்கு என்று ஊரில் சொன்னார்கள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பிறகு வீரன் ஓடினால் படலையைத் திறந்துவிட வேண்டும், அவன் வந்து நிற்கும்போது சாத்திக் கிடக்கக்கூடாது என்று கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. திறக்கிறேன் என்றேன்.

திறந்தேன். அவர் செத்த பிறகு அந்த ஊரில் இருந்த மாதங்கள் முழுவதும், நாய் ஓடிய ஒவ்வொரு முறையும் போய்ப் படலையைத் திறந்தேன். நேசன் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. வசந்தி எங்கோ ஐரோப்பாவில் இருக்கிறாள், தைப்பொங்கலுக்குப் பேசுவாள். அம்மாவைக் கடைசி வரை பார்த்த டீச்சர் என்று என் குரலைக் கேட்டதும் நெகிழ்ந்துபோவாள். அவளிடமும் நான் சொன்னதில்லை.

இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். முடியாது. இன்னும் ஒன்று இருக்கிறது.

நான் படலையைத் திறந்ததை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரே திறக்கிறா என்றால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். இடமாற்றக் கடிதம் கிடைத்து நான் புறப்படுவதற்கு முந்தின வாரம், பக்கத்துத் தெருவிலிருந்து தங்கம்மா என்ற பெண் வந்தார். அவருடைய மகனும் நேசனைப் போலவே போய்த் திரும்பாதவன். மடியிலிருந்து ஒரு பொதியை எடுத்து அவிழ்த்தார். மடித்த நீலச் சட்டை. நாயிடம் காட்ட வேண்டும் என்றார்.

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை... நானே அந்தச் சட்டையை வாங்கி நாயின் முன் பிடித்தேன். வீரன் முகர்ந்தது. தும்மியது. திரும்பிப் போய் அம்மிக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தது.

"எழும்பயில்லையே டீச்சர்," என்றார் தங்கம்மா மெதுவாக. "அப்ப... இல்லையா?"

இந்த நாய்க்கு உங்கள் மகனைத் தெரியாது. இது எதையும் அறியாது. இதற்கு இருப்பவர்களையும் தெரியாது, இறந்தவர்களையும் தெரியாது. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நாயைப் பார்த்தேன்.

அவர் சட்டையை என் கையிலிருந்து எடுத்து, கொலரை நீவி, பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு போனார்.

பொழுது சாய்வதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒப்பாரி கேட்டது. நான் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.